ஒருமுறையேனும் நாமே கம்பைல் செய்து பார்ப்போம்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

 

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்றையேனும் அதன் மூலநிரலிலிருந்து நம் கையாலேயே உருவாக்கிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைச் சென்ற பருவத்தில் என் வகுப்புத் தோழர்களிடம் கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. கேள்வி கேட்பதற்கு ஒரு மாதத்திற்கு முன்புவரை நானும் கை தூக்காதவன்தான்.

நாம் செய்வதெல்லாம் என்ன? ஒற்றைப்படை எண்ணா, இரட்டைப்படை எண்ணா என்று கண்டுபிடிக்கும் நிரல், ஃபிபனாச்சி வரிசை, இரண்டு அணிகளின் பெருக்கல். இவற்றை அண்ணன்மார் விட்டுச்சென்ற ரெக்கார்டு நோட்டைப் பார்த்து நம் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். வலப்பக்கம் நிரல், இடப்பக்கம் விடை. பல நேரங்களில் கணிப்பொறியை முடுக்குவதற்கு முன்பே விடையையும் எழுதி முடித்துவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன? ஊரறிந்த செய்திதானே!

கணிப்பொறி அறிவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும், பட்டம் பெறுவதற்கு முன் ஒருமுறையேனும், உலகம் மெய்யாகவே பயன்படுத்தும் ஒரு பெரிய மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, ஓடவைத்துப் பார்க்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம். அதற்கு ஏற்ற மென்பொருளாக 'லிப்கர்ல்' என்னும் வலையமைப்பு லைப்ரரியை நான் முன்மொழிகிறேன்.

லிப்கர்ல் என்பது யாது?

வலையமைப்பின் வழியே ஒரு கோப்பைக் கொண்டுவருவதும் கொண்டுசேர்ப்பதும் கேட்பதற்கு எளிய வேலைகள். செய்யப் புகுந்தால்தான் எத்தனை சிக்கல்! பெயரை முகவரியாக மாற்ற வேண்டும். இணைப்பை ஏற்படுத்த வேண்டும். இரகசியக் குறியீட்டால் பூட்ட வேண்டும். மறுமுனை பேசும் நெறிமுறையைப் பேச வேண்டும். இணைப்பு நடுவில் அறுந்தால் சமாளிக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் இவற்றைத் தானே எழுதிக்கொண்டிருந்தால் உலகம் எங்கே உருப்படும்? எனவே இவ்வேலைகளையெல்லாம் செய்து தரும் துணைநிரல்களின் தொகுதி ஒன்றை ஆக்கி வைத்திருக்கிறார்கள். அத்தகைய தொகுதியைத்தான் லைப்ரரி என்கிறோம். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று லிப்கர்ல்.

இதன் பிறப்பு சுவையானது. 1996ஆம் ஆண்டில், ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் என்பவர், அரட்டை அறை ஒன்றில் நாணய மாற்று விகிதங்களைச் சொல்லும் ஒரு சிறு நிரலை ஆக்க விரும்பினார். அன்றாட விகிதத்தை வலையிலிருந்து எடுத்துவர ஒரு கருவி வேண்டும். பிரேசில் நாட்டு ரஃபேல் சகுலா எழுதியிருந்த 'எச்டிடிபிகெட்' என்னும் சின்னஞ்சிறு நிரல் அவர் கண்ணில் பட்டது. அதை எடுத்துத் திருத்தினார், வளர்த்தார். 1998 மார்ச் 20 அன்று 'கர்ல்' என்ற பெயரில் வெளியிட்டார். அப்போது அது ஏறத்தாழ 2200 வரிகள்தாம். 2000ஆம் ஆண்டில் அதன் உள்ளுறுப்பைப் பிரித்து, பிற நிரல்களும் பயன்படுத்தத்தக்க லைப்ரரியாக்கி 'லிப்கர்ல்' என்று தந்தார். இன்று அது ஒன்றரை இலட்சம் வரிகளுக்கும் மேற்பட்ட பெருநிரல். கைப்பேசி, தொலைக்காட்சி, மோட்டார் வாகனம் என்று அது புகாத பொருள் அரிது. செவ்வாய்க் கோளில் 2021ஆம் ஆண்டு பறந்த 'இன்ஜெனுயிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டர்த் திட்டத்துக்குப் பயன்பட்ட திறந்த மென்பொருள்களின் வரிசையிலும் கர்ல் இடம்பெற்றது. ஸ்வீடன் நாட்டின் பெருமைக்குரிய போல்ஹெம் பரிசு 2017இல் ஸ்டென்பர்க்கைத் தேடி வந்தது.

இத்தனை பெருமையும் உடைய இந்நிரலின் ஒவ்வொரு வரியும் நம் கண்முன் திறந்து கிடக்கிறது. விலை இல்லை. காவல் இல்லை. அரசுக் கலைக் கல்லூரி மாணவனுக்கும் அயல்நாட்டுப் பெருநிறுவனப் பொறியாளருக்கும் கிடைப்பது ஒரே மூலநிரல். இதைவிடச் சமமான பந்தி வேறெங்கே விரிக்கப்பட்டிருக்கிறது?

ஒரே நிரல், பல பொறிகள்

லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு என எல்லா மேடைகளிலும் ஒரே மூலநிரல் ஓடுவது எப்படி? இதற்கு விடை தேடியபோதுதான் நம் பாடப்புத்தகம் எங்கே நிற்கிறது, உலகம் எங்கே நிற்கிறது என்பது எனக்கு விளங்கிற்று.

'இன்ட்' வகைக்கு 2 பைட்டு என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அது பழைய 16 பிட் கம்பைலரின் கணக்கு. இன்று நம் ஆய்வுக்கூடப் பொறிகளில் அது 4 பைட்டு. 'லாங்' வகையோ இன்னும் வேடிக்கை. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட்டு. 64 பிட் விண்டோஸில் 4 பைட்டுதான். ஒரே சி மொழி, ஒரே சொல், இரண்டு அளவுகள்!

வலையமைப்பில் எண்களை அனுப்பும்போது பெரிய பகுதி முன்னே செல்ல வேண்டும் என்பது மரபு. நம் மேசைக் கணிப்பொறிகளோ சிறிய பகுதியை முன்னே வைத்துக்கொள்பவை. மாற்றாமல் அனுப்பினால் 80 என்னும் வாயில் எண் மறுமுனையில் 20480 ஆகிவிடும். தபால்காரர் கதவு எண்ணைத் திருப்பிப் படித்தால் கடிதம் எங்கே போய்ச் சேரும்?

வலையிணைப்புக்கான 'சாக்கெட்' என்னும் முறை 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் வெளிவந்தது. விண்டோஸும் பின்னர் அதைத் தழுவிக்கொண்டது; ஆனால் சிற்சில மாற்றங்களோடு. யூனிக்ஸில் 'குளோஸ்' என்றால் சாக்கெட் மூடும். விண்டோஸில் 'குளோஸ்சாக்கெட்' என்று சொல்ல வேண்டும். யூனிக்ஸில் நேரே தொடங்கலாம். விண்டோஸில் முதலில் அதற்குரிய தொடக்க ஆணையைக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வேற்றுமைகளையெல்லாம் தாங்கும் பொறுப்பு 'கான்ஃபிகர்' என்னும் கட்டளைக் கோப்பைச் சார்ந்தது. இது செய்யும் வேலையை அறிந்து நான் வியந்துபோனேன். 'இந்தப் பொறியில் இன்ன வசதி உண்டா?' என்பதை அறிய, அது ஒரு குட்டி சி நிரலைத் தானே எழுதி, கம்பைல் செய்து பார்க்கிறது. தேறினால் 'உண்டு', தேறாவிட்டால் 'இல்லை'. இப்படி நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒரு தலைப்புக் கோப்பில் குறித்து வைக்கிறது. பின்னர் 'மேக்' என்னும் கருவி, எந்தக் கோப்பை எப்போது கம்பைல் செய்ய வேண்டும் என்று கணக்கிட்டு வேலையை முடிக்கிறது. மேக் 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கியது. நம் பெற்றோரில் பலர் பிறந்த காலத்துக் கருவி இன்றும் உழைக்கிறது!

மூன்று இரவுகள்

இவற்றையெல்லாம் நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. ஒரு தலைகுனிவிலிருந்து கற்றேன்.

வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நடந்த கருத்தரங்குக்குச் சென்றிருந்தேன். தேநீர் இடைவேளையில் அங்கிருந்த மாணவர் ஒருவர், "நீங்கள் சோர்ஸிலிருந்து எதையாவது பில்ட் செய்ததுண்டா?" என்று இயல்பாகக் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. எனக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்ததுபோல் சிரித்து வைத்தேன். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து வெந்தேன்.

அப்பா எனக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கித் தந்திருந்தார். அதில் லினக்ஸ் இருந்தது. லிப்கர்லின் மூலநிரலை இறக்கி, விரித்து, கான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தேன். சரசரவென்று வரிகள் ஓடின. நின்றது. பிழை! 'எந்தப் பூட்டு முறையைப் பயன்படுத்தப் போகிறாய்? ஒன்றைத் தேர்ந்தெடு, அல்லது வேண்டாம் என்று சொல்' என்பதே அதன் பொருள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்று சொன்னேன். மீண்டும் பிழை. 'அதன் கோப்புகளைக் காணவில்லை.' ஓப்பன்எஸ்எஸ்எல் என் பொறியில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதை ஓட்டுவதற்கு ஒன்று, அதை வைத்து மற்றொன்றை ஆக்குவதற்கு வேறொன்று என இரு பொதிகள் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. முதல் இரவு அத்தோடு கழிந்தது.

இரண்டாம் இரவு வேறொரு துணை லைப்ரரி இல்லை என்று நின்றது. நான் மேசையைத் தட்டிய ஓசை கேட்டு அப்பா எழுந்து வந்தார்.

என் அப்பா பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

"என்ன கண்ணு, மெசின் ஓடலியா?" என்றார்.

"ஓடுதுங்கப்பா. ஆனா பக்கம் பக்கமாத் தப்பு காட்டுது. எதைப் பாக்கறதுன்னே தெரியலீங்க."

"கடைசியாப் பொகை வந்த எடத்தப் பாக்காதே. மொதல்ல எங்க சூடாச்சுன்னு பாரு. அதைச் சரி பண்ணு. மத்ததுல பாதி தானாச் சரியாப் போயிரும்."

திரையில் இருந்த ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த இரவில் எனக்குக் கிடைத்த ஆசிரியர் அவர்தான். மேலே போனேன். முதல் குறையைக் கண்டேன். தீர்த்தேன். கான்ஃபிகர் முடிந்தது. மேக் ஓடியது. ஒவ்வொரு கோப்பாகக் கம்பைல் ஆகி வரிசை வரிசையாகத் திரையில் ஏறிய காட்சியை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் இரவில் நிறுவிய பின், பதிப்பு எண்ணைக் கேட்டேன். கர்ல் புதிய எண்ணைச் சொன்னது. லிப்கர்ல் பழைய எண்ணைச் சொன்னது! 'இரண்டும் பொருந்தவில்லை' என்று ஓர் எச்சரிக்கை வேறு. புதிய லைப்ரரியை நிறுவியது ஓரிடம். பொறி போய்ப் பார்த்தது பழைய இடம். லைப்ரரிகளின் இருப்பிடப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஒற்றைக் கட்டளையில் அது தீர்ந்தது. ஆயினும் 'நிரல் ஒன்று ஓடும்போது அதன் உறுப்புகள் எங்கிருந்து வந்து சேருகின்றன' என்பதை இயங்குதளப் பாடத்தின் எந்தப் பக்கமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பிழைச் செய்தி பகைவன் அன்று

இவ்வனுபவத்தை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்திக்காகச் சொல்கிறேன். சென்ற செய்முறைத் தேர்வில் அவள் நிரலுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பிழைகள் வந்தன. கண்ணீர் மல்க எழுந்து போய்விட்டாள். அந்தத் தாள் அவளுக்கு அரியர் ஆயிற்று. பின்னர் அந்த நிரலை இருவருமாகப் பார்த்தோம். விடுபட்டிருந்தது ஒரே ஓர் அடைப்புக்குறி! முதல் பிழையைத் தீர்த்ததும் எஞ்சிய அனைத்தும் மறைந்தன. முப்பது பிழை செய்த மூடம் என்று தன்னை எண்ணியவள், ஒரு பிழை செய்தவள்தான்.

அவளுக்கு அறிவுக் குறைவா? இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நமக்கு, சிவப்பு எழுத்தில் வரும் ஆங்கிலம் ஒரு தீர்ப்பாகத் தோன்றுகிறது. 'உனக்கு இது வராது' என்று யாரோ சொல்வதுபோல் கேட்கிறது. வீட்டில் கேட்க ஆளில்லை. வகுப்பில் கேட்க நாணம். ஆகவே, பிழையே வராத பழைய ரெக்கார்டு நோட்டிடம் சரணடைகிறோம். பிழையே வராத நிரல்களை மட்டுமே எழுதுபவன் பிழையைக் கண்டு நடுங்காமல் என்ன செய்வான்?

பெரிய லைப்ரரி ஒன்றைக் கம்பைல் செய்யும்போது பிழை வராமல் இருக்கவே இருக்காது. நமக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் வரும். அது நம் அறிவின்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பன்று; பொறி தன் நிலையைத் தெரிவிக்கும் கடிதம். எந்தக் கோப்பு, எந்த வரி, எது இல்லை என்று மூன்று செய்திகள் அதில் இருக்கும். இந்தக் கடிதத்தைப் படிக்கப் பழகுவதே கணிப்பொறி அறிவியலின் அரிச்சுவடி என்பேன்.

மறுப்போர் கூற்று

என் கருத்தை மறுப்போர் உண்டு. அவர்கள் கூறுவதில் நியாயமும் உண்டு.

"ஒரே கட்டளையில் ஆயத்தப் பொதி கிடைக்கும்போது மூன்று இரவுகளை வீணாக்குவானேன்?" என்பது முதல் கேள்வி. உண்மைதான். அன்றாடப் பயனுக்கு ஆயத்தப் பொதியே சிறந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும். கையால் கம்பைல் செய்ததை நாமே விழிப்போடு புதுப்பித்தாக வேண்டும். ஆகவே என்றென்றும் கம்பைல் செய்துகொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை செய்யுங்கள் என்கிறேன். விலங்கியல் மாணவர் தவளையின் உறுப்புகளைக் கற்றது தவளை வேண்டும் என்பதற்காகவா?

"பாடத்திட்டத்தை முடிக்கவே நாள் போதவில்லை, இதற்கு நேரம் ஏது?" என்பது ஆசிரியர்களின் கேள்வி. இதையும் மறுக்க முடியாது. விடுப்பும் தேர்வும் போக எஞ்சும் நாள்களில் அவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். ஆயினும் சி மொழி, இயங்குதளம், கணிப்பொறி வலையமைப்பு என்னும் மூன்று தாள்களிலும் தனித்தனியே சொல்லப்படுபவை இந்த ஒரே பயிற்சியில் ஒன்றுசேர்கின்றன. மூன்று தாள்களுக்குப் பொதுவான ஒரு பயிற்சி நேரத்தைத் தின்னாது, மிச்சப்படுத்தும் என்பதே என் பணிவான எண்ணம்.

விழித்திருப்பது யார் பொறுப்பு?

இதில் தனிமனித வளர்ச்சிக்கு மேற்பட்ட காரணம் ஒன்றும் உண்டு.

2014 ஏப்ரல் 7 அன்று, ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை இருப்பது வெளியாயிற்று. ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட்டு வரை வழங்கியின் நினைவகத்திலிருந்து கசிந்துவிடும். கடவுச்சொல்லும் கசியலாம், சாவியும் கசியலாம். திருத்திய பதிப்புக்கு உடனே மாற இயலாதவர்களுக்கு அத்திட்டத்தினர் தந்த மாற்று வழி என்ன தெரியுமா? அந்த ஒரு வசதியை மட்டும் நீக்கும் குறிப்பைக் கொடுத்து மீண்டும் கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்பதே. அந்த நாளில் கம்பைல் செய்யத் தெரிந்தவன் கதவைச் சாத்தினான். தெரியாதவன் பிறர் வந்து சாத்தும்வரை காத்திருந்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 29 அன்று, 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாயில் ஒன்று ஒளிந்திருப்பது வெளிப்பட்டது. அதை வைத்தவர் ஈராண்டுகளுக்கு மேல் நல்லவராக உழைத்து, அத்திட்டத்தின் நம்பிக்கையைப் பெற்றவர். தீங்கைத் தொடங்கி வைக்கும் கட்டளை எல்லாரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தின் கம்பைல் கட்டளைகளுக்குள், நாம் எதையும் பாராமல் தட்டிவிடும் அந்தக் கான்ஃபிகர் படியில் மறைந்திருந்தது! சோதனைக் கோப்பு என்ற வேடத்தில் இருந்த நச்சுப் பகுதியை அது கம்பைல் வேளையில் வெளியே எடுத்து இணைத்தது.

அப்படியானால் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தவரும் ஏமாந்திருப்பாரே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், ஏமாந்திருப்பார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. யூனிக்ஸை ஆக்கியோருள் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது பெற்றபோது நிகழ்த்தி 1984இல் அச்சான உரையில், கம்பைலரே வஞ்சகம் செய்தால் மூலநிரலைப் படித்தும் பயனில்லை என்று காட்டியிருக்கிறார். கம்பைல் செய்வது மட்டும் கவசமாகாது.

அப்படியிருக்க, எக்ஸ்இசட் வஞ்சகத்தைக் கண்டுபிடித்தது எது? ஆண்ட்ரஸ் ஃபிராய்ன்ட் என்னும் பொறியாளர், தம் பொறியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். 'அரை நொடிதானே!' என்று விட்டிருந்தால் அந்தப் பதிப்பு உலகெங்கும் பரவியிருக்கும். அவர் விடவில்லை. ஏன், ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். மோட்டாரின் ஓசை சற்று மாறினாலே காதைத் தீட்டும் என் அப்பாவின் குணம் அது. பொறியை உள்ளே பிரித்துப் பார்த்துப் பழகியவனுக்கே அந்தக் காது வாய்க்கும். ஆயத்தப் பொதியை மட்டுமே அறிந்தவனுக்கு அரை நொடி அரை நொடியாகத்தான் தெரியும்.

நாளை அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் கணிப்பொறிகளைக் காக்கப்போவது யார்? நாம்தாமே! நம் தாய்மார்களின் சேமிப்பும் தந்தையரின் நிலப்பட்டாவும் இன்று வலையமைப்பின் வழியேதான் வந்து போகின்றன. 'இது எப்படியோ ஓடுகிறது' என்று சொல்பவரிடம் அவற்றை ஒப்படைக்க நமக்கு மனம் வருமா?

செய்யத்தக்கன

வெறும் குறை கூறி முடிப்பது அழகன்று. என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று: இரண்டாம் ஆண்டுச் செய்முறைப் பயிற்சிகளில் ஒன்றை நீக்கி, லிப்கர்ல் போன்ற ஒரு லைப்ரரியைக் கம்பைல் செய்யும் பயிற்சியைச் சேர்க்கலாம். பாடத்திட்டத்தை மாற்ற நாள் பிடிக்குமெனில், துறை மன்றத்தின் சார்பில் இரண்டு சனிக்கிழமைகள் போதும். மூலநிரலை ஒரே ஒருமுறை இறக்கி எல்லாப் பொறிகளிலும் வைத்துக்கொள்ளலாம். இறக்கியதும், வெளியிட்டவரின் கையொப்பத்தோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே முதல் பாடமாக இருக்கட்டும்.

இரண்டு: ரெக்கார்டு நோட்டில் விடைக்கு இருக்கும் இடத்தைப் போல் பிழைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும். வந்த பிழை என்ன, அதன் பொருள் என்ன, எப்படித் தீர்ந்தது என்று எழுதியவருக்கு மதிப்பெண் தர வேண்டும். இதைப் பார்த்தெழுத முடியாது. என் பொறியில் வந்த பிழை உங்கள் பொறியில் வராது!

மூன்று: அடிக்கடி வரும் பிழைச் செய்திகளுக்குத் தமிழில் பொருள் எழுதி, ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டுவோம். இது மாணவர்களாகிய நம்மால் ஆகக்கூடியது. என் பங்குக்கு ஒரு பக்கம் எழுதித் துறையில் கொடுத்துவிட்டேன். தோழி ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நான்கு: கம்பைல் ஆனதோடு நின்றுவிடாமல், அதனோடு வரும் சோதனைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். லிப்கர்லோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் வருகின்றன. ஒரு மென்பொருளை ஆக்குவோர் தம் வேலையைத் தாமே எவ்வளவு ஐயத்தோடு பார்க்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

நிறைவாக ஒன்று. 2023 அக்டோபரில் கர்லில் ஒரு பெரிய பாதுகாப்புக் குறை வெளியாயிற்று. 2020ஆம் ஆண்டின் பதிப்பொன்றில் புகுந்த குறை அது. 8.4.0 பதிப்பில் அதைத் திருத்திய ஸ்டென்பர்க், அந்த வரிகளை எழுதியவர் தாமே என்பதை ஒளிக்காமல், தவறு எப்படி நேர்ந்தது என்று விளக்கி எழுதினார். கால் நூற்றாண்டுக் காலம் ஒரே நிரலைப் பேணி, பரிசும் புகழும் பெற்றவர்க்கும் பிழை வருகிறது. அவர் அதைப் படிக்கிறார், திருத்துகிறார், அடுத்த வேலைக்குப் போகிறார். அப்படியிருக்க, இருபது வயதில் நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

அந்தக் கருத்தரங்கில் என்னைக் கேட்ட மாணவரை மறுபடி சந்திப்பேனோ, மாட்டேனோ, அறியேன். சந்தித்தால் இந்த முறை சிரித்து மழுப்ப மாட்டேன். அடுத்த ஆண்டு நம் கல்லூரியிலிருந்து எந்தக் கருத்தரங்குக்கு யார் சென்றாலும், அவர்களும் மழுப்ப வேண்டிய நிலை வரக்கூடாது. மூலநிரல் திறந்திருக்கிறது. ஆய்வுக்கூடமும் திறந்திருக்கிறது. வாருங்கள் நண்பர்களே, கட்டளையைக் கொடுப்போம். முதல் பிழைக்காகக் காத்திருப்போம்!